கப்பல் போன பின்பு: சிதம்பரனாரின் பிழைப்பும் பெருந்தொழிலும்

கப்பலோட்டிய தமிழர் என்று வ.உ. சிதம்பரனாரைப் போற்றுகிறோம். தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அவர் கப்பல் வாங்கிய வரலாறு மேடைதோறும் பேசப்படுகின்றது. சிறையில் செக்கிழுத்த வரலாறும் பேசப்படுகின்றது. அவ்வளவில் பேச்சு நின்றுவிடுகின்றது. ஆனால் 1912ஆம் ஆண்டு டிசம்பரில் சிறை மீண்ட பின்னரும் அவர் ஏறத்தாழ 24 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். கம்பெனி கலைந்து, வழக்கறிஞர் உரிமை பறிபோய், குடும்பத்தோடு தெருவில் நின்ற அம்மனிதர் அந்த ஆண்டுகளில் எவ்வாறு பிழைத்தார், எதனை மீண்டும் கட்டினார் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் மாணவருள் பலர் படிக்குங்காலத்திலேயே கைப்பேசி வழியாகக் கருவாடும் மக்ரூனும் ஆயத்த ஆடையும் விற்கத் தொடங்கிவிடுகின்றனர். சிலர் நிலைபெறுகின்றனர். வேறு சிலர் வீட்டு நகையை அடகு வைத்த பணத்தையும் இழந்து, சரக்கு முகவர் அலுவலகத்திலோ உப்பளக் கணக்கிலோ பகல் வேலைக்குச் சேர்ந்து, இரவில் அதே இணைய வணிகத்தை மீண்டும் நிறுத்த முயல்கின்றனர். அவர்களைப் பார்த்து, ‘பட்டும் புத்தி வரவில்லையா?’ என்று கேட்கும் பெரியோரும் நம் மஹல்லாக்களில் உளர். அக்கேள்விக்கு விடை தேடுவோர், இதே ஊரில் ஒரு பெருந்தொழில் வீழ்ந்த கதையை முதலில் அறிதல் நலம்.

சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச்சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர் ஒருவர் மட்டும் 8,000 பங்குகளுக்கு 2 லட்ச ரூபாய் தந்தார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. சுதேசிக் கப்பலைப் பற்றி எழுதுவோர் இப்பெயரை ஒரு வரியில் கடந்துவிடுவது நமக்கு உடன்பாடன்று. அன்றைய 2 லட்சம் என்பது சிறு தொகையா?

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினர். எதிரணியில் நின்ற பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் நெருக்குதலால் அந்த வாடகைக் கப்பல்கள் விலகிக்கொண்டன. சிதம்பரனார் கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்குக் கொண்டுவந்து ஓட்டத்தை நிறுத்தாமற் காத்தார். பிறரது சரக்கை நம்பிக் கடை நடத்துவோன் அச்சரக்கு நின்ற நாளில் என்ன ஆவான் என்பதைக் கம்பெனி முதல் ஆண்டிலேயே கண்டுகொண்டது. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சொந்தமாக வந்து சேர்ந்தன.

பின்னர் மூண்டது கட்டணப் போர். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு செல்ல ஆங்கிலேயக் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் எனக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. முடிவில் ஆங்கிலேயர் கட்டணமே வேண்டாமென்று, ஏறுவோர்க்குக் குடையும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தனர். இதனைக் கேட்டு நகைக்கிறோம். நகைப்புக்கு அப்பால் இதில் ஒரு வணிகக் கணக்கு உண்டு. கப்பல் நிறைந்து போனாலும் வெறுமையாய்ப் போனாலும் நிலக்கரிச் செலவு, மாலுமியர் கூலி, துறைமுகக் கட்டணம் ஆகியவை பெரிதும் மாறுவதில்லை. ஆங்கிலேயக் கம்பெனிக்கு இந்துமாக்கடல் முழுவதும் வழித்தடங்கள் இருந்தன. தூத்துக்குடி வழியில் இழப்பதை வேறு பத்து வழிகளில் ஈட்டிக்கொள்ள அதற்கு இயலும். சுதேசிக் கம்பெனிக்கோ இருந்தது இந்த ஒரு வழிதான். இழப்பைத் தாங்கும் காலம் யாருக்கு நீளமோ அவரே வெல்வர் என்ற நிலை வந்தபோது, பயணிகளின் அன்பு முழுவதும் சுதேசிக் கப்பலின் பக்கமிருந்தும் பணப்பை மறுபக்கமே இருந்தது.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. பங்கு சேர்த்தவர், கப்பல் தேடியவர், பயணிகளை அழைத்தவர், தொழிலாளரோடு பேசியவர் எல்லாரும் ஒருவரே. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் வேலைநிறுத்தம். மார்ச் 12இல் சிதம்பரனார் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அத்தண்டனை குறைந்ததாயினும் கம்பெனியைத் தாங்கும் தோள் சிறைக்குள் போய்விட்டது. 1911இல் கம்பெனி கலைக்கப்பெற்றது. அடக்குமுறையே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடக்குமுறை இல்லாதிருந்தாலும் ஒரே வழித்தடமும் ஒரே தலையும் கொண்ட தொழில் நெடுநாள் அப்போரைத் தாங்கியிருக்குமா என்பது நமக்கு ஐயமே. வீழ்ந்தவரைப் போற்றுகையில் வீழ்ச்சியின் காரணத்தை ஆராயாது விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

சிறை மீண்டவர்க்கு மூன்று கதவுகள் அடைபட்டிருந்தன. கப்பல் இல்லை. தண்டனை பெற்றவராதலின் வழக்கறிஞர்ச் சன்னது இல்லை. சொந்த மாவட்டமாகிய திருநெல்வேலியில் குடியிருக்கவும் இயலவில்லை. மனைவி மக்களுடன் சென்னைக்குச் சென்றார். அங்கே மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெய்க் கடையும் வைத்தார். இரண்டும் நிலைக்கவில்லை. 1895 முதல் நீதிமன்றத்தில் வாதாடியவர், பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை உருவாக்கியவர், படி அரிசிக்கும் புட்டி எண்ணெய்க்கும் கணக்குப் பார்த்துத் தோற்றார் என்பதைச் சிலர் இரக்கத்தோடு சொல்வர். சிலர் அவருக்கு வணிகம் வராது என்று முடிவும் கட்டுவர். நாம் வேறொன்று கருதுகிறோம். சில்லறைக் கடைக்கு வேண்டுவது சுழலும் முதல். கடனுக்குக் கொடுத்த சரக்கு பணமாகித் திரும்பும் வரையில் வீட்டுச் சோற்றுக்கு அந்தக் கல்லாவிலேயே கைவைக்கும் நிலை ஒருவனுக்கு இருப்பின், கடை எத்துணை நன்றாக நடந்தாலும் முதல் கரையும். பிழைப்பும் வணிகமும் ஒரே பெட்டியில் இருந்தன, அதுவே கேடு.

அக்காலத்து வறுமைக்கு ஒரு சான்று போதும். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர் அவருக்கென்று திரட்டிய தொகை காந்தியடிகள் கையில் இருந்தது. அதுகுறித்து 1915இலும் 1916இலும் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. முடிவில் வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. கப்பல் வாங்கியவர் இத்தொகைக்காக மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினார். கேட்பதற்கு அவர் நாணவில்லை, தமக்குரியதைக் கேட்டார்.

இவ்விடத்தில் நம் கடற்கரையின் பழைய தொழிலொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். பிழைப்பையும் பெருந்தொழிலையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் முறையை இக்கரையின் முத்துக்குளிப்போர் சிதம்பரனாருக்கு மிக முன்னரே கைக்கொண்டிருந்தனர். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்வதன்று. கடலடிப் பார்களில் சிப்பி போதிய அளவு விளைந்திருப்பதாக ஆய்ந்து கண்ட பின்னரே அரசு குளிப்பை அறிவிக்கும். கடல் அமைந்து நீர் தெளிந்திருக்கும் சில வாரங்களே அதற்குக் காலம். மணல் மூடினும், சிப்பியைத் தின்னும் மீன் மிகினும், சூரன் என்னும் சிறு மட்டி பாய்போலப் படர்ந்து குஞ்சுச் சிப்பிகளை மூச்சடைத்தாலும் பார் பாழாகும். 1926 முதல் 1928 வரை குளிப்பு நடந்தது; அடுத்த குளிப்பு 1955இல்தான் வாய்த்தது. 27 ஆண்டு இடைவெளி! ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து தொழிலுக்கு வந்துவிடும் காலம். 1961ஆம் ஆண்டோடு அதுவும் நின்றது.

அந்த இடைவெளியில் குளியாளர் என்ன செய்தனர்? சங்கு குளித்தனர், மீன் பிடித்தனர். பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம் குளியாளரும் அரசின் சங்குக் குளிப்பில் இறங்கி, எடுத்த சங்குக்கு எண்ணிக்கைப்படி கூலி பெற்றனர். அச்சங்கு வங்காளத்துக்குச் சென்று வளையலாயிற்று. சங்கில் பெருஞ்செல்வம் இல்லை; அடுப்பு எரியும். அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு: மூச்சடக்கும் பழக்கமும் நீரோட்டம் அறியும் அறிவும் பார் கிடக்கும் இடமும் சங்கு குளிப்பதால் மறவாமல் காக்கப்பட்டன. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட நாளில் புதிதாய்ப் பழக வேண்டிய தேவை எழவில்லை. சங்குக் கூலியை முத்தின்மேல் பந்தயம் வைத்தவன் கெட்டதும் உண்டு. முத்து வாணிகம் அத்தகையது. திறவாத சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்து, அழுகவிட்டு அலசிப் பார்க்கும் வரையில் உள்ளே இருப்பது என்னவென்று எடுத்தவனுக்கே தெரியாது.

முத்துத் தொழில் மீண்டும் கட்டப்பெற்ற கதையும் இவ்வாறே அமைந்தது. கடல் முத்து கைவிட்ட பின், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் ஆய்வு தொடங்கி 1973 ஜூலையில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981இல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்தனர். கே. அழகர்சாமி என்னும் அறிவியலாளர் இதில் முன்னின்றார். பழைய பார்களே மீண்டும் விளையட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பழைய அறிவை வேறு வடிவில் பயன்கொண்டனர்.

சிதம்பரனாரிடம் மீள்வோம். சென்னைக்குப் பின் கோயம்புத்தூர் சென்றவர், அங்கே வங்கியொன்றில் மேலாளராகப் பணி ஏற்றார். இதுவே அவரது சங்குக் குளிப்பு எனலாம். வருவாய் குறைவு, ஆயினும் மாதந்தோறும் வரும். வங்கி ஊதியம் போதாதெனக் கண்டதும் அவர் மற்றொரு கடை வைக்கவில்லை. தாம் ஏற்கெனவே நன்கறிந்த தொழிலின் கதவைத் தட்டினார். சன்னதைத் திரும்பத் தரவேண்டி விண்ணப்பித்தார். ஈ.எச். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி அதற்கு உதவினார். அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர் ஆங்கிலேயர் ஒருவர் பெயரை வீட்டில் அழைத்து மகிழ்ந்தார் என்பது அவர்தம் உள்ளத்தின் விரிவைக் காட்டும். பின்னர்க் கோவில்பட்டியில் வழக்கறிஞராய் இருந்து, 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

இவ்வாறு வழக்காலும் வங்கியாலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்க, அவர் கட்டியது யாது? கப்பல் அன்று. அது மீளவேயில்லை, மீண்டதாகப் புனைந்துரைப்பதும் வேண்டா. அவர் கட்டியது நூற்பணி. சிறையில் இருந்தபோதே ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார். 1909இல் அது வெளிவந்தது. 1914இல் ‘மெய்யறம்’, அடுத்த ஆண்டில் ‘மெய்யறிவு’. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் ‘இன்னிலை’க்கு உரை கண்டார். இன்னிலை பழைய நூல்தானா என்று பின்வந்த அறிஞர் ஐயுற்றனர். அந்த ஐயம் நூலைப் பற்றியதேயன்றி அவர் உழைப்பைப் பற்றியதன்று. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்கும் பணியில் 1920களிலும் 1930களிலும் ஈடுபட்டார், எஸ். வையாபுரிப் பிள்ளையின் துணையும் அதற்குக் கிடைத்தது. இளம்பூரணத்தை வகுப்பில் விரித்து வைத்துப் பாடஞ்சொல்லும் நம்மைப் போன்றோர் இது கட்சிக்காரர் வந்துபோன வீட்டில் செய்யப்பட்ட பணி என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நூற்பதிப்பு வணிகம் ஆகுமா என்று கேட்கலாம். அச்சுக்கூலி, தாள் விலை, விற்பனை, நிலுவை என எல்லாம் உடையது. எனவே அதுவும் வணிகமே. வேறுபாடு ஒன்றுதான். இம்முறை அந்நூல்கள் விற்றால்தான் வீட்டில் உலை ஏறும் என்ற நிலை இல்லை. நூல் மெல்ல விற்றாலும் பிழையில்லை. நல்ல ஏட்டுக்காகக் காத்திருக்கவும் உரையைத் திருத்தி எழுதவும் காலம் இருந்தது.

இன்று இரவில் இணைய வணிகத்தை மீண்டும் தொடங்கும் இளைஞர்க்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள. இணைய விற்பனையில் முதலைக் கரைப்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத செலவுகளே: விற்பனைத் தளம் பிடித்துக்கொள்ளும் கழிவு, கூரியர் கட்டணம், விளம்பரச் செலவு, வாங்கியோர் திருப்பி அனுப்பும் சரக்கு. கருவாடு திரும்பி வந்தால் அதனை மறுபடி விற்க இயலாது. அனுப்பிய கட்டணமும் போயிற்று, சரக்கும் போயிற்று. எனவே முதன்முறை எங்கே உடைந்தது என்பதைத் தாளில் எழுதிப் பாராமல் இரண்டாம் முறை தொடங்குவது, பாழான பாரில் ஆய்வின்றிக் குளிக்க இறங்குவதற்கு ஒப்பாகும். பகல் வேலையின் ஊதியத்தை வணிகக் கணக்கோடு கலவாமல் தனி வங்கிக் கணக்கில் வைத்தல் வேண்டும். ஒரே தளத்தை, ஒரே வாடிக்கையாளர் கூட்டத்தை நம்பியிருத்தல் ஷா லைன் கப்பலை நம்பியது போன்றதே. அத்தளம் தன் விதியை மாற்றிய நாளில் கடை மூடப்படும். பகல் வேலை அரசுப் பணியாயின் மற்றொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும்: தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973இன்படி முன் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடலாகாது. இதனை அறியாது மனைவி பெயரில் என்றும் தம்பி பெயரில் என்றும் சிக்கலில் மாட்டிக்கொள்வோர் உண்டு.

இனிப் பெரியோர்க்கு ஒரு சொல். நட்டப்பட்டவனை ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்’ என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெண் கொடுக்கும் பேச்சில்கூட அது தலைகாட்டுகின்றது. கம்பெனி கலைவது வேறு, மனிதன் நாணயம் தவறுவது வேறு. நம் மார்க்கத்தின் வணிக முறையாகிய முளாரபாவை நினைத்துப் பார்க்கலாம். ஒருவர் முதல் போட, ஒருவர் உழைக்க, இலாபத்தை முன்னரே பேசிய விகிதப்படி பகிர்ந்துகொள்வர். உழைப்பவரின் அலட்சியமோ வஞ்சகமோ இன்றி நட்டம் நேரின் பணநட்டம் முதல் போட்டவரைச் சாரும். உழைத்தவர் இழப்பது தம் உழைப்பை. அதாவது, நேர்மையாக உழைத்தும் தோற்றவனைக் குற்றவாளியாக்க அம்முறை இடந்தரவில்லை. கடன்பட்டவன் இடுக்கணில் இருப்பின் வசதி வரும்வரை அவகாசம் தருக என்பதும் திருக்குர்ஆன் வகுத்த நெறியே. ஆனால் அவகாசம் என்பது தள்ளுபடி அன்று. கொடுக்க வேண்டியதைக் குறித்து வைப்பது கடன்பட்டவன் கடமை. பழைய கடனை மறைத்துப் புதிய பெயரில் கடை திறப்பவனுக்கு நாம் பரிந்து பேச வரவில்லை.

சிதம்பரனார் இவ்வகையிலும் கருதத்தக்கவர். 1936ஆம் ஆண்டு நோய்வாய்ப்பட்டிருந்தபோது அவர் ஓர் உயில் எழுதினார். நாட்டுக்காகக் கப்பலை இழந்தவர் என்பதால் யாரும் அவரிடம் கடைப்பாக்கியைக் கேட்டு நெருக்கியிருக்க மாட்டார்கள். எனினும் அவ்வுயிலில் தாம் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்பதை அவர் ஒன்றுவிடாமல் குறித்தார். துணிக்கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் கொடுக்க வேண்டிய சிறுசிறு தொகைகளும் அதில் இடம்பெற்றன. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில், காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.